எட்டாத எட்டு

காலை வாரிவிட்டது எட்டு.
சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியது மூன்று.

புன்டா அரேனாஸில் ஜூன் மாதம்
பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்கு வெகு முன்பே
ரூத் நாவெல்கின் பட்டறைக் கதவைத் தட்டினாள்,
தலைமுடியெல்லாம் காற்று, கையில் ஒரு பை.
திட்டவில்லை.
இரண்டு கறுப்புச் சட்டைகளை எடுத்து
மேசையில் முதுகு தெரிய விரித்தாள்.
ஒன்று அவளுடைய மூன்று.
மற்றதில், நாலே துவைப்பில்
இடப்பக்கம் உதிர்ந்துபோய்
எட்டும் மூன்றாகவே நின்றது.

"நீ அடித்த எட்டு
நடுவர் கண்ணுக்கு எட்டவில்லை, யஸ்னா.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆட்டம்.
எனக்குத் தடை.
மற்றவர்களாவது அவரவராக ஆடட்டும்."

வெள்ளைத் துணியில் சிவப்பை வைத்தால்
தானே போய் உட்கார்ந்துகொள்ளும்.
கறுப்பில் வெள்ளை அப்படியல்ல.
அடியிலிருக்கும் கறுப்பு மயிர்மயிராக எழுந்து
என்னையா மூடப்பார்க்கிறாய் என்று கேட்கும்.
ஒரு வருஷமாக அதற்கு நான் சொன்ன பதில்:
இன்னும் கொஞ்சம் அழுத்தம்.
பல்லைக் கடித்து, தோள் இறங்க
ஸ்குவீஜியை இழு, தள்ளு, இழு.
வந்தது சாம்பல்.
மேலும் அழுத்தினால்
மேலும் சாம்பல்.

வாளியைத் திறந்தேன்.
உறைந்த கொழுப்புபோல் மை
கரண்டியைக் கவ்விக்கொண்டு விடவில்லை.
இத்தனை நாளும் இந்தக் குளிர்ந்த பிண்டத்தைத்தான்
சட்டத்தில் அப்பியிருக்கிறேன்.
கணப்பின் பக்கத்தில் வைத்துக் கிளறினேன்,
கை ஓய்ந்து, மாற்றுக் கையால் கிளறினேன்,
கரண்டியிலிருந்து நாடாவாக இறங்கும்வரை.

பழைய சட்டம் தட்டினால் தொளதொளத்தது.
டம்மென்று பதில் சொல்லும் வேறொன்றை எடுத்தேன்,
கண் கொஞ்சம் அகலமான மெஷ்.
துணிக்கும் அதற்கும் நடுவே
இரண்டு காசு கனத்துக்கு இடைவெளி.

அச்சு அடிக்கிறோம் என்கிறோம்.
அந்தச் சொல்தான் என் கையைக் கெடுத்ததோ என்னவோ.
அடித்தால் மை
துணிக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறது.
அது மேலே நிற்கவேண்டும் என்றால்
கை அதை விடவேண்டும்.

மெஷ் நிறைய மெதுவாக ஒரு தள்ளல்.
பிறகு ஸ்குவீஜியை நிமிர்த்திப் பிடித்து
மேலாக ஒரே இழுப்பு.
மெலிசாகத்தான் விழுந்தது, கறுப்பு தெரிய.
மனசு உடனே அழுத்து என்றது.
கேட்கவில்லை.
ஃப்ளாஷ் விளக்கின் அடியில் ஏழு நொடி.
விரலில் ஒட்டவில்லை. அது போதும்.
அதன் மேல் இன்னொன்று.

ரூத் கையிலிருந்த ரொட்டியைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நண்டுக்காலும் இதேதான்.
அமுக்கினால் சதை ஓட்டோடு நசுங்கும்.
உதறினால் முழுசாக வரும்.
ஒரு ஷிப்டுக்கு அறுபது கிலோ உதறுகிறேன் நான்."

"முன்பே சொல்லியிருக்கலாமே."

"சட்டைக்காரி நண்டைப் பற்றி
எப்போது கேட்டாய்?"

அடுப்புப் பட்டையில் வைத்தேன்.
போன தடவை அவசரத்தில்
பாதி வேக்காட்டில் எடுத்தவள் நானேதான்;
அதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.
இந்தமுறை முழுச் சூடு, முழு நேரம்.
வெளியே வந்ததும் ரூத் இரு கையாலும்
எட்டைப் பிடித்து இழுத்தாள்.
விரிசல் விடவில்லை.
நகத்தால் சுரண்டினாள்.
வரவில்லை.

எட்டின் இடுப்பில் மட்டும்
ஒற்றைக் கறுப்பு இழை
மூக்கு மயிர்போல் நீட்டிக்கொண்டிருந்தது.
அவளும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே நீரிணையின் மேல்
முதல் இழுப்பு விழுந்திருந்தது,
மெலிசாக, அடியில் இருட்டுத் தெரிய.

இன்னும் பதினேழு சட்டைகள்.
"என் மூன்றையும் சேர்த்தே அடி" என்றாள்,
கோட்டை மாட்டிக்கொண்டே.
"ஓரத்துப் பெஞ்சில் போட்டுக்கொண்டு உட்காருவேன்.
அந்த நடுவர் பார்க்கட்டும்,
மூன்று என்றால் எப்படி இருக்கும் என்று."